விளக்கு வைத்தபின் ஒரு துளி

இன்னும் கிட்ட வந்து உட்காருங்கள். இது தயிரின் கதை. உரக்கச் சொன்னால் கலங்கிப்போகும்.

ஒரு ஊரில் கீழவீடு, மேலவீடு என்று ஒட்டினாற்போல் இரண்டு வீடு. மேலவீட்டுக்கு ஒரு நாள் புதுச்சட்டி வந்தது. பால் இருக்கிறது, உறை ஊற்றத் துளி மோர் இல்லை. கீழவீட்டுத் தயிரோ அன்றைக்குச் சட்டியின் அடியில்தான் ஒட்டிக் கிடந்தது. ஆனாலும், "பக்கத்து வீட்டுப் பால் கெட்டுப்போறதை நான் பாத்துக்கிட்டா இருக்கணும்?" என்று தன்னில் பாதியைக் கொடுத்தனுப்பியது.

இன்றைய தயிர்தானே நாளைய பாலுக்குத் தாய். அப்படியே மகள், பேத்தி, பேத்திக்குப் பேத்தி என்று இரண்டு வீட்டிலும் வம்சம் தழைத்தது.

வெகுகாலம் கழித்து ஓர் அந்திநேரம். கீழவீட்டுப் பால் காய்ந்து ஆறி, இளஞ்சூட்டில் உறைக்காகக் காத்திருந்தது. உறைமோரைப் பூனை வழித்து நக்கிவிட்டுப் போயிருந்தது. பால் விசும்பியது. விடிவதற்குள் திரிந்துவிட்டால் சாக்கடைதான். வம்சமும் தன்னோடு தீர்ந்தது.

"அழாதே தாயி," என்று சட்டி பாலைச் சுமந்துகொண்டு மேலவீட்டுக்கு நடந்தது.

அங்கே வாசற்படி மறித்தது. "விளக்கு வெச்சாச்சு. இனி இந்த வீட்டு மோர், உப்பு எதுவும் என்னைத் தாண்டி வெளிய போகாது. லட்சுமி போயிடுவா."

உள்ளே உறியில் இருந்த தயிர் எட்டிப் பார்த்தது. "யாரு, கீழவீட்டுப் பாலா? எங்க குலத்து முதல் ஆத்தா உங்க வீட்டுலேருந்து வந்தவதான்டி. ஏன் படியண்ணே, வெளிய போறதுதானே தப்பு? உள்ள வர்றது?"

"வந்தா லட்சுமி. அதை யாரு தடுத்தா?"

"அப்ப உள்ள வாடி."

பால் உறிக்குக் கீழே வந்து நின்றது. தயிர் மெல்லச் சாய்ந்து ஒரு துளியைச் சொட்டவிட்டது.

திரும்பும்போது படி விடவில்லை. "சட்டியில என்ன?"

"பால்," என்றது பால்.

படி மோந்து பார்த்தது. புளிப்பு வாடையே இல்லை. "வந்த பால்தான் போகுது. போ, போ."

விடிந்தபோது கீழவீட்டுச் சட்டியைக் கவிழ்த்தாலும் சிந்தாது. அப்படிக் கட்டியாய் உறைந்திருந்தது. "நான் கீழவீட்டுத் தயிரு" என்று அது போட்ட குரல் தெருவுக்கே கேட்டது.

படிக்குச் சந்தேகம் தட்டியது. உறியை அண்ணாந்து பார்த்து, "ஏ தயிரே, நேத்து எதையாவது கொடுத்தியா?" என்றது.

மேலவீட்டுத் தயிர் ஆடையை முகம்வரை இழுத்துப் போர்த்திக்கொண்டு குறட்டை விட்டது.