அடிக்கட்டைச் சிம்மாசனம்

வாகைக்காட்டில் ஒரு பெரிய நாவல் மரம் இருந்தது. அதன் அடியில் விலங்குப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் நடந்தது. அங்கே பெரிய வகுப்புக்கு வரலாறு சொல்லிக்கொடுத்தவர் மங்களம் டீச்சர். அவர் ஒரு மைனா.

அன்றைக்குப் பாடம், காட்டை ஆண்ட பதினோரு ராஜாக்கள். "மூன்றாம் ராஜாவை நான்காம் ராஜா கவிழ்த்தார். நான்காம் ராஜாவை அவருடைய காவல்காரனே கவிழ்த்தான்" என்று டீச்சர் தொண்டை வறளச் சொல்லிக்கொண்டிருந்தார். யார் கேட்டார்கள்? குரங்கு வாலாயி, கீரியின் முதுகில் பேன் பார்த்துக்கொண்டிருந்தது. முள்ளம்பன்றி குத்தாலன் குறட்டையே விட்டது.

டீச்சருக்கு அழுகை வராத குறைதான்.

"ஏன்டா, நாற்காலிச் சண்டை உங்களுக்கு அவ்வளவு சலிப்பா இருக்கா?" என்று கேட்டார்.

"செத்துப்போனவங்க சண்டை நமக்கு எதுக்கு டீச்சர்?" என்றது வாலாயி.

"சரி! நாமே சண்டை போட்டுப் பார்ப்போம்!"

குறட்டை நின்றது. வகுப்பு நிமிர்ந்து உட்கார்ந்தது.

மரத்துக்குப் பக்கத்தில் ஒரு வேங்கை மரத்தின் அடிக்கட்டை இருந்தது. டீச்சர் அதைக் காட்டினார். "இதுதான் சிம்மாசனம். இதில் உட்காருகிறவர்தான் ராஜா. ராஜா சொன்னால் எல்லோரும் கேட்க வேண்டும். அதோ, அந்தப் பழக்குவியல்தான் கஜானா!"

அந்தப் பழக்குவியலைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். பெரிய வகுப்புப் பிள்ளைகள் காலையில் நாவல்பழம் பொறுக்கிக் குவிப்பார்கள். உச்சி வெயில் நேரத்தில் சின்ன வகுப்புக் குட்டிகள் வந்து அதைச் சாப்பிடும். அது அந்தப் பள்ளிக்கூடத்து வழக்கம். குவியலுக்குப் பொறுப்பு டீச்சர். ஒரு குட்டி பட்டினியாக வீடு போனாலும் தாய்மார்கள் அவரை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவார்கள்.

சீட்டுக் குலுக்கிப் போட்டார்கள். முயல் துடியனின் பெயர் வந்தது. அது கூச்சத்தோடு கட்டையில் ஏறி உட்கார்ந்தது.

"ஆளுக்கு ஒரு பழம் எடுத்துக்கலாம். மிச்சமெல்லாம் சின்னப் பிள்ளைகளுக்கு!" என்றது துடியன்.

"ராஜா வாழ்க!" என்று எல்லோரும் கத்தினார்கள். ஆனால் அந்த வாழ்த்து ஒரு பழம் தின்று முடிக்கும் வரைதான் நீடித்தது.

"இவன் என்னத்த ராஜா? மரம் ஏறிப் பழம் உலுக்கினது நான். இவன் கீழே நின்னு வேடிக்கைதானே பார்த்தான்?" என்று வாலாயி கீரியிடம் கிசுகிசுத்தது. கீரி தலையாட்டியது. இரண்டும் கட்டையை நோக்கி மெல்ல நகர்ந்தன.

துடியன் அதைப் பார்த்துவிட்டது. "குத்தாலா! நீ எனக்குக் காவல் நில்லு. உனக்குத் தினமும் பத்துப் பழம்!"

குத்தாலன் எழுந்து வந்தது. முள்ளைச் சிலிர்த்துக்கொண்டு கட்டையைச் சுற்றி நடந்தது. வாலாயியும் கீரியும் பின்வாங்கின. டீச்சருக்கு ஒரே குஷி.

"பார்த்தீங்களா! நான்காம் ராஜாவும் இப்படித்தான் பயந்துபோய்க் காவல் வெச்சார்!"

கொஞ்ச நேரத்தில் குத்தாலன் கேட்காமலே பழம் தின்ன ஆரம்பித்தது. பத்து, இருபது, முப்பது என்று கஜானா கரைந்துகொண்டே வந்தது.

"போதும் குத்தாலா, அது சின்னப் பிள்ளைகளோடது!" என்றது ராஜா.

குத்தாலன் திரும்பிப் பார்த்து முள்ளைச் சிலிர்த்தது. ராஜா கட்டையின் மறு ஓரத்துக்கு நகர்ந்துகொண்டது.

வெயில் உச்சியை நெருங்கியது. டீச்சர் சிறகைத் தட்டினார். "பாடம் முடிஞ்சுது. எல்லாரும் இடத்துக்குப் போங்க!"

"முடியலை. ராஜா இன்னும் கட்டையிலதானே இருக்கார்? என்ன ராஜா, முடிஞ்சுதா?" என்றது குத்தாலன்.

"மு... முடியலை" என்றது பாவம் துடியன்.

"விதியைப் போட்டதே நான்தான்டா!" என்று கத்தினார் டீச்சர்.

"போட்டீங்க. எப்ப முடியும்னு சொன்னீங்களா?"

டீச்சருக்குத் தூக்கிவாரிப் போட்டது. உண்மைதான், சொல்லவே இல்லை. பிள்ளைகளை விழிக்கவைத்த சந்தோஷத்தில் அது சுத்தமாக மறந்துபோயிருந்தது.

குவியலில் பாதி காலி. இன்னும் விட்டால் குட்டிகளுக்குக் கொட்டைதான் மிஞ்சும். டீச்சர் ஒரு கணம் யோசித்தார். முள் வேலியெல்லாம் நடந்து வருகிறவர்களுக்குத்தானே! ஜிவ்வென்று பறந்து கட்டையின் மேல் இறங்கினார்.

"துடியா, கீழே இறங்கு. நான் உட்கார்றேன்."

"தாராளமா டீச்சர்!" துடியன் ஒரே தாவில் முள்ளம்பன்றியைத் தாண்டி ஓடியது.

"இப்ப ராஜா நான். காவல்காரா, விலகிப் போ!"

குத்தாலன் முறைத்தது. ஆனால் கட்டையில் இருக்கும் ராஜா சொல்வதுதான் செல்லும் என்று சற்றுமுன் வாதாடியதே அதுதான். வாலாயி, கீரி, துடியன் எல்லோரும் ஒரே குரலில், "ராஜா சொல்றாங்கல்ல, கேளு!" என்று கத்தினார்கள். குத்தாலன் முள்ளை மடக்கிக்கொண்டு தன் இடத்துக்குப் போனது.

"எல்லாரும் உட்காருங்க!" என்றார் டீச்சர். உட்கார்ந்தார்கள்.

"வாயைப் பொத்துங்க!" பொத்தினார்கள்.

ஆகா! ஏழு வருஷ வாத்தியார் வேலையில் இப்படி ஓர் அமைதியை அவர் கண்டதே இல்லை. பேன் பார்க்க ஆளில்லை. குறட்டை இல்லை. மங்களம் டீச்சர் கழுத்தை நிமிர்த்திக்கொண்டு, ஐந்தாம் ராஜாவில் தொடங்கி எட்டாம் ராஜா வரை வந்துவிட்டார். கட்டை அவருக்கு ரொம்ப வசதியாக இருந்தது.

துடியன் மெல்ல முன்காலைத் தூக்கியது.

"நடுவில் பேசக் கூடாது!" என்றார் டீச்சர்.

துடியன் காலை இறக்கவில்லை. அதன் காது இரண்டும் நடுங்கின. ஆனாலும் கேட்டுவிட்டது. "டீச்சர், நீங்க எப்ப இறங்குவீங்க? அதை நீங்களும் சொல்லலையே?"

டீச்சர் அப்போதுதான் குனிந்து பார்த்தார். சின்ன வகுப்புக் குட்டிகள் எப்போதோ வந்திருந்தன. அணில், மான், எலி எல்லாம் பெரிய வகுப்பைப் பார்த்துத் தாமும் வாயைப் பொத்திக்கொண்டு பழக்குவியலுக்கு முன்னால் வரிசையாக நின்றன. எல்லாவற்றுக்கும் கடைசியில் நின்ற எலிக்குட்டி, பசியில் ஓசையில்லாமல் அழுதுகொண்டிருந்தது.

டீச்சரின் முகம் தொங்கிப்போனது. வெட்கமென்றால் அப்படி ஒரு வெட்கம்! விருட்டென்று கட்டையிலிருந்து இறங்கி, எலிக்குட்டியின் கையில் முதல் பழத்தைத் தன் அலகாலேயே எடுத்துக் கொடுத்தார்.

அதிகாரத்தை ஒருவரிடம் கொடுக்கும்போதே அது முடியும் நாளையும் குறித்துவிட வேண்டும். இல்லாவிட்டால் பொல்லாதவர் மட்டுமல்ல, நல்லவரும் அதைவிட்டு இறங்க மறந்துபோவார்.