அமைச்சர் வீட்டுக் குப்பையும் சாயத் தண்ணீரும்

முன்னொரு காலத்தில், வெயிலுக்கும் வேடிக்கைக்கும் பஞ்சமில்லாத ஒரு நாட்டை வச்சிரபாகு என்னும் மன்னர் ஆண்டுவந்தார். நல்லவர்தான், கோபம் வந்தால் மட்டும் முதலில் தண்டனையைச் சொல்லிவிட்டுப் பிறகுதான் விசாரிப்பார். அவருடைய பட்டத்துக் குதிரை பால்போல் வெள்ளை. ஒருநாள் அது அரண்மனைக் குளத்தில் இறங்கிக் குளித்து, நீலக் குதிரையாகக் கரையேறியது. சாயக்காரத் தெருவின் கழிவுநீர் வாய்க்கால் வழியே அந்தக் குளத்தில்தான் விழுந்துகொண்டிருந்தது.

"சாயக்காரர்கள் அத்தனை பேரும் நாட்டைவிட்டு வெளியேற வேண்டும்!" என்று சபையில் கர்ஜித்தார் மன்னர்.

விகடகவி திருமேனி எழுந்து வணங்கினான். "அரசே, அவர்கள் போய்விட்டால் திருவிழாவுக்கும் நாம் வெள்ளை வேட்டியோடுதான் வர வேண்டும். என்ன துக்கம் என்று பக்கத்து நாட்டார் கேட்டு ஓலை அனுப்புவார்கள். தண்ணீரைத் தெளியவைக்க அவகாசம் கொடுங்கள்."

மன்னர் திருமேனியின் பேச்சையே கேட்கிறார் என்று அமைச்சர் செண்பகராயருக்கு வெகுநாளாகப் புகைச்சல். "நல்லது, திருமேனியே தெளியவைக்கட்டும். ஆனால் இதற்காக நாட்டில் பயனுள்ள பொருள் ஒன்றைக்கூட அவர் தொடக்கூடாது. பௌர்ணமிக்குள் முடியாவிட்டால் அவரும் சாயக்காரர்களோடு போகட்டும்" என்றார்.

"அப்படியே ஆகட்டும்" என்று மன்னர் எழுந்துபோனார்.

வீடு திரும்பும் வழியில் திருமேனியைச் சாயக்காரி செங்கமலம் மறித்தாள். "சாமி, இந்த ஊரை விட்டா நாங்க எங்க போவோம்?"

"போறதா இருந்தா நானும் கூட வர்றேன், தாயி. சிரிச்சுக்கிட்டே நடக்கலாம்."

அவள் சிரிக்கவில்லை.

வீட்டில் அவன் மனைவி வடிவு, கலங்கிய ஆற்றுநீர்க் குடத்தில் முருங்கை விதையை அரைத்துக் கலக்கிக்கொண்டிருந்தாள். சேறு மெல்ல அடியில் இறங்கியது.

"இது சாயத்தையும் இறக்குமா?" என்று கேட்டான்.

"செஞ்சு பார்த்தாத்தானே தெரியும்? முத்திப்போன காய் குப்பையில கிடக்கு. எடுத்தா யாரு கேக்கப்போறா?"

குப்பை என்றதும் திருமேனி நிமிர்ந்து உட்கார்ந்தான். மறுநாளே அமைச்சர் வீட்டு வாசலில் போய் நின்றான். "உங்கள் கொல்லைக் குப்பையை அள்ளிக்கொள்ளலாமா?"

"தாராளமாக! இனி உமக்கு ஏற்ற வேலை அதுதான்" என்று அமைச்சர் தெருவே கேட்கச் சிரித்தார்.

முற்றிய முருங்கைக்காய், தேங்காய்ச் சிரட்டை, நெல் உமி என்று வண்டி வண்டியாகச் சாயத்தெருவுக்குப் போனது. விதையை அரைத்துக் கலக்கியதில் கசடு இறங்கியது; நீலம் மட்டும் போகவில்லை. திருமேனி தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டான். அப்போது செங்கமலம் கூப்பிட்டாள். "சாமி, இங்க வாங்க! அடுப்புக்கரி கொட்டின குழியில மட்டும் தண்ணி வெளுத்திருக்கு!"

உடனே சிரட்டையையும் உமியையும் மண்ணால் மூடி மூட்டம் போட்டுக் கரியாக்கினார்கள். வாய்க்காலின் குறுக்கே குழி வெட்டி, மணலும் கரியுமாக அடுக்கினார்கள். விதைக்கூழில் தெளிந்த நீரை அதன்மேல் விட்டார்கள். மறுபக்கம் வந்த நீரில் செங்கமலத்தின் கைரேகை தெரிந்தது. அவள் வாய்விட்டு அழுதாள்.

பௌர்ணமியன்று மன்னர் தம் வெண்பட்டு மேலாடையை வாய்க்கால் நீரில் தாமே நனைத்துப் பிழிந்தார். துளி நிறம் ஏறவில்லை.

செண்பகராயர் பதறினார். "அரசே, இது மோசடி! விதையும் சிரட்டையும் உமியும் எவ்வளவு பயனுள்ளவை என்று இப்போது கண்ணால் கண்டோம். நிபந்தனையை மீறிவிட்டார்!"

திருமேனி பணிவாகக் கேட்டான்: "அமைச்சர் சொன்னால் சரிதான். அவை எல்லாம் அவர் வீட்டுக் குப்பைமேட்டில் கிடந்தவை. பயனற்றவை என்றால் நான் நிபந்தனையை மீறவில்லை. பயனுள்ளவை என்றால், நாட்டின் செல்வத்தை இத்தனை காலம் கொல்லையில் கொட்டி அழுகவிட்டவர் யார், அரசே?"

"பயனற்றவைதான்" என்று அமைச்சர் முனகினார்.

மன்னர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சாயக்காரர்கள் தெருவிலேயே இருக்கலாம், ஒவ்வொரு சாயத் தொட்டிக்கும் ஒரு கரிக்குழி வேண்டும் என்று ஆணையிட்டார். தம் முத்துமாலையைத் திருமேனியின் கழுத்தில் போட்டு, "இன்னும் என்ன வேண்டும், கேள்" என்றார்.

"அரசே, பயந்து பயந்து பல நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. முதலில் சோறு."

அன்று சாயத்தெருவே இலை போட்டது. திருமேனி மூன்றாம் முறையும் சோறு கேட்டான். செங்கமலம் சிரித்துக்கொண்டே பரிமாறினாள்.