சைலன்சரில் ஒட்டிய சேலை

அன்னக்கொடி லாரி மோதித்தான் செத்தாள் என்று ஊரே நம்பிக்கொண்டிருந்த காலையில், குவாரி முதலாளி தர்மலிங்கம் தன் காரைச் சடையாண்டியின் பட்டறைக்குள் விட்டார். அவருக்குத் தர்மலிங்கம் என்று பெயர் வைத்தவனை உதைக்க வேண்டும்.

சடையாண்டி காருக்கடியில் படுத்துப் பார்த்தான். சைலன்சர் பூச்சு உரிந்த இடத்தில் சேலைத்துண்டு ஒன்று உருகி ஒட்டியிருந்தது.

“தடம் தெரியாம பூசு. வாயைத் திறந்தே, அடுத்த பாடை உன் வீட்டுலதான்.”

“முதல்ல சுரண்டணும் முதலாளி.”

“நேரமில்லைடா, மேலேயே பூசு. சாவு வீட்டுல முதல் மாலை என்னோடதா இருக்கணும்.”

“சரிங்க. அங்க போனதும் என்ஜினை மட்டும் அணைச்சிராதீங்க. சூட்டுலதான் பூச்சு இறுகும்.”

அவரும் அணைக்கவில்லை. மாலையோடு அவர் குனிந்த நேரம், வாசலில் நின்ற காரின் அடியில் குபுகுபுவென்று புகை கிளம்பியது. தீப்பிடித்துவிட்டது என்று பதறிப்போய்க் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினார்கள். புதுப்பூச்சு பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது. உள்ளே மஞ்சள் கரை தெரிந்தது. அதே கரை போட்ட கிழிசல் சேலை அன்னக்கொடியின் புருஷன் மடியில் கிடந்தது.

பறை நின்றுவிட்டது. கூட்டம் முதலாளியைச் சுற்றி வளைத்தது.

கூட்டத்துக்குள்ளிருந்து சடையாண்டி கேட்டான்: “இப்ப நேரமிருக்குங்களா முதலாளி? சுரண்டட்டுமா?”