கரட்டுப்பட்டியின் நான்கு முழம்

ஆற்றூர் மடம் இரண்டு ஊர்களுக்குத் தறி கொடுத்திருந்தது. ஒன்று ஆற்றூர். மற்றொன்று இரண்டு நாள் நடையில், மேட்டுநிலத்தில் இருந்த கரட்டுப்பட்டி. ஆற்றூரில் ஒரு தறி நாளைக்கு எட்டு முழம் நெய்தது. கரட்டுப்பட்டியில் நான்கு முழத்தைத் தாண்டவில்லை.

மடத்தின் தலைவி ஞானத்தம்மை, தறிகளின் பொறுப்பைச் சீடர் சேந்தனிடம் விட்டிருந்தார். சேந்தன் அம்மையைவிட மூத்தவர். பிறந்தது கரட்டுப்பட்டியில். இருபது வயதில் ஆற்றூருக்கு வந்து நல்ல நெசவாளி என்று பேரெடுத்தவர். அவருடைய தம்பி காரி ஊரிலேயே தங்கிவிட்டான். அந்த நான்கு முழத்தில் தம்பியின் துணியும் இருந்ததுதான் சேந்தனுக்குப் பெரிய தலைகுனிவு.

ஒருநாள் அம்மையிடம் வந்து, கரட்டுப்பட்டியின் பன்னிரண்டு தறிகளையும் எடுத்துவந்து ஆற்றூரிலேயே போட்டுவிடலாம் என்றார்.

"தாயே, ஒரே நூல், ஒரே தறி. ஓர் ஊர் உழைக்கிறது, ஓர் ஊர் தூங்குகிறது. ஏன் இப்படி?"

தறிகளை ஏற்றப் போகும் வண்டிகளோடு தானும் வருவதாக அம்மை சொன்னார்.

"தறியைப் பிரிக்குமுன் ஒரு நாள் நீர் அங்கே உட்கார்ந்து நெய்யும். அவர்கள் பார்க்கட்டும்."

சேந்தன் மகிழ்ச்சியோடு ஒத்துக்கொண்டார்.

கரட்டுப்பட்டியில் காரி தன் தறியை விட்டு எழுந்தான். விடிந்ததும் சேந்தன் உட்கார்ந்தார். பனி ஈரம் இருந்தவரை குறுக்கிழையை ஓட்டும் நாடா வழுக்கிக்கொண்டு ஓடியது. வெயில் ஏறியதும் மேட்டுக்காற்று வீசத் தொடங்கியது. தறியில் நீளவாக்கில் இழுத்துக் கட்டிய பாவில் ஓர் இழை அறுந்தது. முடிச்சுப் போட்டார். பக்கத்து இழை அறுந்தது. அதை முடிச்சுப் போடுவதற்குள் இன்னும் இரண்டு.

ஆற்றூரில் நாளெல்லாம் நெய்தாலும் மூன்று நான்கு இழைதான் போகும். அங்கே காற்றிலேயே ஈரம் இருந்தது. இங்கே நூல் காய்ந்த வைக்கோல் மாதிரி நொறுங்கியது.

காரியின் மனைவி தேவானை பாவுக்கு அடியில் ஈர மணலைப் பரப்பினாள். இழைகள் கொஞ்ச நேரம் தாங்கின. பிறகு மணலும் காய்ந்தது. குடத்தில் தண்ணீர் இல்லை. சுனை கரட்டுக் குன்றுக்கு அந்தப் பக்கம். காலையிலிருந்து அவள் இரண்டு நடை போய்வந்திருந்தாள். சேந்தன் குடத்தைத் தானே வாங்கிக்கொண்டு போனார். திரும்பி வரும்போது நிழல் சாய்ந்துவிட்டது.

அந்தியில் அளந்தார்கள். இரண்டரை முழம்.

யாரும் சிரிக்கவில்லை. காரி துணியைத் தடவிப் பார்த்தான்.

"அண்ணா, இந்தக் காற்றில் முதல் நாளே இரண்டரை முழம் யாரும் நெய்ததில்லை."

சேந்தன் தம்பியின் விரல்களைப் பார்த்தார். முப்பது வருஷமாக நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த ஏதோ ஒன்று இறங்கிப் போனது. தம்பி சோம்பேறி இல்லை. அவருக்குச் சிரிப்பு வந்தது, கண்ணும் நிறைந்தது.

"நீ எப்படியடா நாலு முழம் நெய்கிறாய்?"

நாடாவைக் கீழே வைக்காமல் ஒற்றைக் கையால் அறுந்த இழையை முடிச்சுப் போடும் விதத்தைக் காரி காட்டினான். அண்ணனுக்கு அது மூன்றாம் தடவைதான் வந்தது. தேவானை இருவருக்கும் கூழ் ஊற்றினாள்.

மறுநாள் வண்டிகள் வெறுமையாகத் திரும்பின. அடுத்த நடையில் கிணறு வெட்டும் ஆட்களை ஏற்றிவரும்படி சேந்தன் வண்டிக்காரர்களிடம் சொல்லியிருந்தார். தறித்தெருவிலேயே கிணறு வேண்டும். தறிகளை ஈரம் நிற்கும்படி குழிக்குள் இறக்க வேண்டும். அம்மை சரி என்று தலையசைத்தார்.

மேட்டிலிருந்து இறங்கும் வழியில் சேந்தன் லேசான மனதோடு நடந்தார். ஆற்றின் குளிர்ச்சி முகத்தில் பட்டதும் நின்றுவிட்டார்.

"தாயே, இத்தனை காலம் நாளைக்கு எட்டு முழம் நெய்தேனே. அதில் என்னுடையது எத்தனை முழம்?"

"கரட்டுப்பட்டியில் நெய்தீரே, அந்த இரண்டரை முழம்" என்றார் அம்மை.