ஐந்தாவது கொடி

கொடைக்கானலில் ஜெசிந்தா டீச்சரிடம் ஓரியன்டீரிங் பழக வந்தவர்களில் வயதில் மூத்தவர் சௌந்திரபாண்டி. அவருக்கு அறுபது. டீச்சருக்கு முப்பத்தாறு.

ஓரியன்டீரிங் என்பது காட்டுக்குள் நடக்கும் ஒரு பந்தயம். கையில் ஒரு வரைபடமும் காம்பஸும் இருக்கும். மரங்களுக்கு நடுவே அங்கங்கே ஆரஞ்சும் வெள்ளையுமாகக் கொடிகள் தொங்கும். வரைபடத்தைப் பார்த்து அவற்றை வரிசையாகக் கண்டுபிடிக்க வேண்டும். ஒவ்வொரு கொடியிலும் ஒரு பஞ்ச் கட்டியிருக்கும். அதில் தன் சீட்டைத் துளையிட்டுக்கொண்டு, குறித்த நேரத்துக்குள் திரும்பி வர வேண்டும். பாதை என்று எதையும் யாரும் போட்டுக் கொடுப்பதில்லை.

சௌந்திரபாண்டி பஸ் டிரைவராக இருந்தவர். வத்தலக்குண்டுக்கும் கொடைக்கானலுக்கும் நடுவே முப்பத்தோரு வருடம் ஓட்டினார். அத்தனை வருடமும் காட்டை ரோட்டிலிருந்தே பார்த்தவர். ஓய்வு பெற்ற மறுவாரம், உள்ளே எப்படித்தான் இருக்கிறது என்று போய்ப் பார்த்துவிடலாமே என்று தோன்றியது. அப்படித்தான் டீச்சரிடம் வந்து சேர்ந்தார்.

மூன்று மாதத்தில் நன்றாகவே பழகிவிட்டார். வெயில் நாளில் அவருக்குத் தப்பிய கொடி கிடையாது. மேகம் இறங்கிய நாளில் மட்டும் தடுமாற்றம் இருந்தது. ஒரு வெள்ளிக்கிழமை பயிற்சி முடிந்ததும் கேட்டார்.

"மேகத்துக்குள்ள வழி தவறாம இருக்க என்ன செய்யணும் டீச்சர்?"

டீச்சர் ஷூவில் ஒட்டியிருந்த சேற்றைக் குச்சியால் சுரண்டிக்கொண்டிருந்தார்.

"ஞாயித்துக்கிழமை பந்தயத்துல கலந்துக்கங்கண்ணே. உங்க பின்னாடியே நானும் வர்றேன். ஆனா ஒண்ணும் பேச மாட்டேன்."

ஞாயிற்றுக்கிழமை விடியும்போதே தூறிக்கொண்டிருந்தது. எட்டு மணிக்குப் பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. பெயர் கொடுத்தவர்களில் பாதிப்பேர் வரவில்லை. வந்தவர்களுக்கு வரைபடத்தை பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கொடுத்தார்கள். மொத்தம் எட்டுக் கொடிகள். பன்னிரண்டு மணிக்குள் திரும்பிவிட வேண்டும். வரைபடத்தின் வடக்கு ஓரத்தில் பல் வைத்த கறுப்புக் கோடு ஒன்று இருந்தது. அது பாறைச் சரிவு, யாரும் அந்தப் பக்கம் போக வேண்டிய வேலையே இல்லை என்று சொல்லி அனுப்பினார்கள்.

சௌந்திரபாண்டி சிவப்பு ரெயின்கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்பினார். டீச்சர் சொன்னபடியே பத்தடி தள்ளிப் பின்னால் வந்தார். கழுத்தில் ஒரு விசில் தொங்கியது.

முதல் நான்கு கொடிகளும் சொல்லிவைத்த மாதிரி கிடைத்தன. ஒவ்வொரு தடவையும் அவர் காம்பஸை மார்புக்கு நேரே பிடித்து, ஊசி நிற்கும் வரை பொறுத்து, பிறகே நடந்தார். நான்காவது துளை சீட்டில் விழுந்ததும் திரும்பி டீச்சரைப் பார்த்தார். டீச்சர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

நான்காவது கொடிக்கு அடுத்து ஒரு கம்பி வேலி. அதைத் தாண்டித் தைலமரக் காட்டுக்குள் வடமேற்கே போக வேண்டும். வேலியருகே ஒரு பெண் வரைபடத்தைத் தலைகீழாகவும் நேராகவும் திருப்பிப் பார்த்துக்கொண்டு நின்றிருந்தார். பழனியிலிருந்து வந்த பல் டாக்டர், பெயர் வேணுகா. ஐந்தாவதுக்குத்தானே போகிறீர்கள் என்று கேட்டார். ஆமாம் என்றார் சௌந்திரபாண்டி. கூட வரலாமா என்று டாக்டர் கேட்கவில்லை. வந்தார்.

வேலியைத் தாண்டிய கொஞ்ச தூரத்தில் ஒரு பெரிய மரம் வேரோடு விழுந்து கிடந்தது. அதைச் சுற்றிக்கொண்டு போனார்கள். சுற்றி வந்தபின் மறுபடி காம்பஸைப் பார்த்திருக்க வேண்டும். நான்கு கொடிகள் வரிசையாகக் கிடைத்த தெம்பில் அது அவருடைய பாக்கெட்டிலேயே இருந்துவிட்டது. மூக்குக்கு நேரே எது தெரிந்ததோ அந்தப் பக்கம் நடந்தார்.

வரைபடத்தில் ஓர் ஓடை இருந்தது. நேரில் மழைத்தண்ணீர் ஓடும் ஒரு பள்ளம் வந்தது. இதுதான் ஓடை என்று எடுத்துக்கொண்டார். வரைபடத்தில் ஒரு பெரிய பாறை இருந்தது. நேரில் இடுப்பளவுக்கு ஒரு கல் வந்தது. வரைந்தவர்கள் கொஞ்சம் பெரிதாகப் போட்டுவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டார்.

கல்லைத் தாண்டும்போது ஒரு கணவனும் மனைவியும் வந்து சேர்ந்தார்கள். கம்பத்தில் ஜவுளிக்கடை வைத்திருப்பவர்கள். அவர் நாகூர்கனி, அந்த அம்மா ஜீனத். அரை மணி நேரமாக ஒரே மரத்தையே சுற்றிக்கொண்டிருந்ததாகச் சொன்னார்கள். சிவப்பு ரெயின்கோட்டில் நரைத்த மனிதர் ஒருவர் நின்று யோசிக்காமல் நடந்து போவதைப் பார்த்ததும் அவர்களுக்கு உயிர் வந்தது. பேசாமல் வரிசையில் சேர்ந்துகொண்டார்கள்.

இப்போது அவருக்குப் பின்னால் நான்கு பேர். டாக்டர், ஜீனத், நாகூர்கனி, கடைசியில் டீச்சர். ஈரச் சருகில் அத்தனை காலடிச் சத்தமும் பின்னால் கேட்டது. சௌந்திரபாண்டியின் நடை தானாகவே கம்பீரமானது. இந்த வழி தப்பாக இருந்தால் இத்தனை பேர் வருவார்களா என்று நினைத்தார்.

ஆனால் ஐந்தாவது கொடி வரவில்லை. வந்திருக்க வேண்டிய இடத்தில் வரவில்லை. அதற்கு அடுத்த மேட்டிலும் வரவில்லை.

உண்மையில் அந்தக் கல் இடுப்பளவுக்கு இருந்தபோதே வழி தப்பியது அவருக்குத் தெரியும். நிற்கலாம் என்று ஒவ்வொரு மரத்திடமும் நினைத்தார். பின்னால் காலடிகள் கேட்டன. இன்னும் பத்து மரம் என்று நினைத்து நடந்தார். பிறகு இன்னும் பத்து.

அப்போது முகத்தில் காற்று பட்டது.

அதுவரை காற்றே இல்லை. இந்தக் காற்று எதிரிலிருந்தும் வரவில்லை, பக்கவாட்டிலிருந்தும் வரவில்லை. கீழேயிருந்து வந்தது. ரெயின்கோட்டின் ஓரத்தை மேலே தூக்கியது. மலை ரோட்டில் எந்த வளைவில் காற்று இப்படி ஏறி வரும் என்று அவருக்கு நன்றாகத் தெரியும். தடுப்புச் சுவருக்கு அந்தப் பக்கம் ஒன்றுமே இல்லாத வளைவில்.

சௌந்திரபாண்டி நின்றார். இரண்டு கையையும் விரித்து மற்றவர்களையும் நிறுத்தினார். எதிரே வெள்ளையாக இருந்தது. அது மேகமா, வெறும் ஆகாயமா என்று சொல்ல முடியவில்லை.

முப்பத்தோரு வருடத்தில் பஸ்ஸை நிறுத்திப் பயணிகளிடம் அவர் என்னென்னவோ சொல்லியிருக்கிறார். மண் சரிந்திருக்கிறது என்று சொல்லியிருக்கிறார். டயர் வெடித்துவிட்டது, முன்னால் காட்டெருமை நிற்கிறது என்றெல்லாம் சொல்லியிருக்கிறார். இதைச் சொன்னதில்லை. திரும்புவதற்கே கொஞ்ச நேரம் பிடித்தது.

திரும்பினார்.

"நாம எங்க இருக்கோம்னு எனக்குத் தெரியல," என்றார். "ரொம்ப நேரமாவே தெரியல."

இலைகளிலிருந்து தண்ணீர் சொட்டியது. வரிசையின் கடைசியில் டீச்சர் விசிலை உதட்டில் வைத்திருந்தார். மெதுவாக அதை எடுத்துச் சட்டைக்குள் விட்டுக்கொண்டார்.

முதலில் பேசியவர் டாக்டர்தான்.

"எனக்கும் தெரியாது சார். அதனாலதான் உங்க பின்னாடி வந்தேன்."

தாங்களும் அதற்காகத்தான் வந்ததாக நாகூர்கனி சொன்னார். "நீங்க அவ்வளவு தைரியமா நடந்தீங்களேண்ணே."

"நீங்கள்லாம் பின்னாடி வந்தீங்களா, அந்தத் தைரியத்துல நடந்தேன்," என்றார் சௌந்திரபாண்டி.

ஜீனத்துக்குத்தான் முதலில் சிரிப்பு வந்தது. முக்காட்டால் வாயைப் பொத்தியும் அடங்கவில்லை. பிறகு டாக்டர் சிரித்தார். பிறகு எல்லோரும். சௌந்திரபாண்டி எல்லோரையும் இருபதடி பின்னால் அழைத்துப் போய் ஒரு பைன் மரத்தடியில் உட்காரவைத்தார். வரைபடத்தை நடுவில் விரித்தார். காம்பஸை எடுத்து அதன்மேல் வைத்தார்.

யாருக்கு என்ன தெரியுமோ சொல்லுங்கள் என்று கேட்டார்.

டாக்டர் கொஞ்சம் கூச்சத்தோடு, வேலியிலிருந்து தான் எண்ணிக்கொண்டே வந்ததாகச் சொன்னார். வலது கால் ஊன்றும்போதெல்லாம் ஒன்று. அறுநூற்று நாற்பது ஆகியிருந்தது. இதை முன்பே ஏன் சொல்லவில்லை என்று நாகூர்கனி கேட்டார். யாரும் கேட்கவில்லையே என்றார் டாக்டர்.

ஜீனத், தாங்கள் வரிசையில் சேர்ந்த இடத்தில் தைல வாசனை மூக்கைத் துளைத்தது, கொஞ்சம் முன்னால் அது சட்டென்று நின்றுவிட்டது என்றார். வரைபடத்தில் தைலமரக் காடு முடிந்து பைன் காடு தொடங்கும் கோடு புள்ளி புள்ளியாக இருந்தது.

சௌந்திரபாண்டி காற்றைப் பற்றிச் சொன்னார். பல் வைத்த கறுப்புக் கோட்டின்மேல் விரலை வைத்தார்.

நாகூர்கனியிடம் எதுவும் இல்லை. "நான் உங்க சிவப்பு ரெயின்கோட்டை மட்டும்தான் பாத்துட்டு வந்தேன்," என்றார்.

வேலியிலிருந்து அறுநூற்று நாற்பது, பைன் காடு, பாறைச் சரிவு. மூன்றும் சேரும் இடம் வரைபடத்தில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. வடமேற்கே போக வேண்டியவர்கள் நேர் வடக்கே வந்திருந்தார்கள். ஐந்தாவது கொடி அவர்களுக்குப் பின்னால், இடப்பக்கம் கிடந்தது.

டீச்சர் ஒரு கிளையில் சாய்ந்து, தன் கணுக்காலில் ஏறிய அட்டையை உப்பு வைத்து எடுத்துக்கொண்டிருந்தார். இதில் தனக்குச் சம்பந்தமே இல்லை என்பது போல இருந்தது அவர் முகம்.

திரும்பி நடந்தார்கள். டாக்டர் உரக்க எண்ணினார். சௌந்திரபாண்டி காம்பஸை மார்பிலிருந்து இறக்கவேயில்லை. ஜீனத் நடுநடுவே நின்று மூச்சை இழுத்து, இன்னும் பைன்தான், இப்போது தைலம் வந்துவிட்டது என்று சொல்லிக்கொண்டு வந்தார். இருநூற்று எண்பது என்று டாக்டர் சொல்லி நின்ற இடத்தில் கொடி இல்லை. ஆளுக்கொரு பக்கமாக, குரல் கேட்கும் தூரத்துக்குள் தேடுவதென்று முடிவானது.

"இங்க என்னமோ மூஞ்சியில இடிக்குது," என்றார் நாகூர்கனி.

ஆரஞ்சும் வெள்ளையும். எண்ணும் சரியாக இருந்தது. நான்கு சீட்டுகளும் வரிசையாகத் துளை வாங்கின.

மிச்சமிருந்த மூன்று கொடிகளையும் அவர்கள் விடவில்லை. ஆறாவதுக்கு நேராகப் போனார்கள். ஏழாவதில் மறுபடி ஒரு தடுமாற்றம் வந்தது. இந்தத் தடவை டாக்டர்தான் நின்று, எண்ணிக்கை விட்டுப்போச்சு என்று உடனே சொல்லிவிட்டார். ஆறாவதுக்கே திரும்பிப் போய் மறுபடி தொடங்கினார்கள்.

புறப்பட்ட இடத்துக்கு வந்து சேரும்போது பன்னிரண்டே முக்கால். பேனரை அவிழ்த்துச் சுருட்டிக்கொண்டிருந்தார்கள். முடிவுப் பலகையில் அவர்கள் பெயருக்கு நேரே ஒரு கோடு போட்டிருந்தது. நேரம் கடந்தவர்களுக்கு இடம் கிடையாது. ஆனாலும் தேநீர் கேனின் அடியில் ஐந்து டம்ளர் அளவுக்கு மிச்சம் இருந்தது. வேகவைத்த கடலையும் இருந்தது. நாகூர்கனி பலகையின் முன்னால் எல்லோரையும் நிறுத்தி, அந்தக் கோடு தெரியும்படி ஒரு போட்டோ எடுத்துக்கொண்டார். அடுத்த வருடமும் உங்கள் பின்னால்தான் வருவோம் என்று ஜீனத் சௌந்திரபாண்டியிடம் சொன்னார். டாக்டரை முன்னால் விடலாம், நான் பின்னால் வருகிறேன் என்றார் அவர்.

மற்றவர்கள் போனபின் சௌந்திரபாண்டியும் டீச்சரும் ரோட்டோரத்தில் பஸ்ஸுக்காக நின்றார்கள். தூறல் விட்டிருந்தது. எதிர் மலையின் உச்சி மட்டும் மேகத்துக்கு மேலே தெரிந்தது.

நாம் தப்பாகப் போகிறோம் என்று உங்களுக்கு எப்போது தெரிந்தது என்று சௌந்திரபாண்டி கேட்டார். விழுந்த மரத்திடம் என்றார் டீச்சர்.

"அங்கிருந்து நீங்க நின்னு சொல்ற வரைக்கும் இருபத்தாறு நிமிஷம். மொத தடவைக்கு ரொம்ப நல்ல நேரம்ணே. எனக்கு அரை நாள் ஆச்சு."

சௌந்திரபாண்டி சிரித்தார். பாராட்டு வாங்கிய மாதிரிதான் இருந்தது.

"இப்பல்லாம் உங்களுக்கு அப்படி ஆகறதில்லையே டீச்சர்?"

"ரெண்டு வாரம் முன்னாடி ஆச்சு. இதே காட்டுலதான்."

"எவ்வளவு நேரம்?"

"தப்பா வந்துட்டேன்னு தெரிய ரெண்டு நிமிஷம். அதைச் சொல்லப் பதினோரு நிமிஷம்."

சௌந்திரபாண்டி யோசித்தார். அந்த வாரம் முழுக்க மழை. பயிற்சிக்கு யாருமே போகவில்லை.

"நீங்க தனியாத்தானே போனீங்க? யார்கிட்ட சொல்லணும்?"

"என்கிட்டத்தாண்ணே," என்றார் டீச்சர்.