கொசுப்புழு தேடின செண்பகவல்லி

ஒரு ஊர்ல, ரயில்வே கேட்டுக்கு அந்தாண்ட, செண்பகவல்லின்னு ஒருத்தி இருந்தா. வீடு வீடா போயி, தேங்கின தண்ணியில கொசுப்புழு இருக்கான்னு பாத்து மருந்து ஊத்துறதுதான் அவ வேலை. ம் சொல்லு கண்ணு.

ம்.

அப்போ ஐப்பசி மாசம். மழை சோன்னு பெஞ்சு ஓஞ்சுது. அப்புறம் பாரு, பக்கத்து வீட்டு மைமூன் அக்கா மவ நஸ்ரினுக்குக் காய்ச்சல். ஏழு வயசுப் புள்ள. ரத்தம் எடுத்துப் பாத்தா டெங்கு. அப்புறம் எதிர் வீட்டுப் பையனுக்கு. அப்புறம் மூலை வீட்டுத் தாத்தாவுக்கு. செண்பகவல்லிக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. நாம பாக்குற தெருவுலயா?

மொத நாளு தடதடன்னு மாடி ஏறி எல்லாத் தொட்டியையும் பாத்தா. புழு இல்ல. ரெண்டாம் நாளு பழைய டயரு, கொட்டாங்குச்சி எல்லாத்தையும் சளார் சளார்னு கவுத்தா. இல்ல. மூணாம் நாளு வீட்டுக்கு வீடு கொல்லையில பூந்தொட்டி, வாளி, உரல் குழின்னு ஒண்ணு விடல. அங்கயும் இல்ல.

மத்தியானம் ஆஸ்பத்திரியிலேருந்து மைமூன் அக்கா போன் பண்ணாங்க. "புள்ளைக்கு மூக்குல ரத்தம் வருதுடி. ரத்தத்துல தட்டணு குறைஞ்சுகிட்டே போவுதாம்."

போனை வெச்சுட்டு செண்பகவல்லி தன் வீட்டு அடுக்களைக்குப் போனா. தண்ணி எடுக்க ஃபிரிட்ஜத் தொறந்தா. ங்ஙொய்... கால்ல சுருக்குன்னு ஒரு கடி. கறுப்புக் கொசு, அதோட கால்ல வெள்ளை வரி, டெங்குக் கொசுவேதான். விரட்டினா, ஃபிரிட்ஜுக்குப் பின்னாடி போயி ஒளிஞ்சுகிச்சு. கர்ர்ர்னு ஃபிரிட்ஜ இழுத்தா. பின்னாடி அடியில ஒரு தட்டு, ஐஸ் உருகி வடியிற தண்ணி விழுமே, அந்தத் தட்டு. டார்ச்ச அடிச்சா.

நெளுநெளுன்னு நெளியுது. நூறு இருக்கும்.

அப்படியே தரையில உக்காந்துட்டா. தூங்கிட்டியா கண்ணு?

ம்... இல்ல.

அவ வீட்டுக்காரர் வந்து பாத்தாரு. "சத்தமில்லாம சாக்கடையில கொட்டிரு. தெரிஞ்சா வேலை போயிரும்."

"அடுத்த வீட்டுலயும் இருந்தா?"ன்னா அவ.

தட்டைத் தளும்பாம தூக்கிட்டுப் போயி நடுத்தெருவுல வெச்சா. "இது எங்க வீட்டு ஃபிரிட்ஜ் தட்டு. எல்லாரும் உங்க வீட்டுல இழுத்துப் பாருங்க."

தெருவே கூடி வந்து பாத்துச்சு. "ஊரெல்லாம் தேடினியே, உன் வீட்டுலயா?"ன்னு ஒருத்தர் மெதுவா கேட்டாரு. அவ தலையக் குனிஞ்சுகிட்டா. அப்புறம் ஒவ்வொரு வீட்டுலேருந்தும் கர்ர் கர்ர்னு சத்தம். பதினோரு வீட்டுல புழு. வடிச்சுக் கொட்டி, ஓரத்துல ஒட்டியிருந்த முட்டை போவ பரபரன்னு தேச்சாங்க. ஆபீசுக்கும் அவளே போயி சொன்னா. திட்டினாங்க, ஆனா வேலைய விட்டு எடுக்கல. ரெண்டு வாரத்துல தெருவுல புதுக் காய்ச்சல் நின்னுபோச்சு.

நஸ்ரின் பொழைச்சு வந்துட்டா, குச்சியா எளைச்சு. ஆனா மைமூன் அக்கா இவளோட பேசல. மாசம் மூணு ஆச்சு. ஒவ்வொரு வாரமும் புழு இருக்கான்னு பாக்க இவ அந்த வாசல்ல நிப்பா, கதவு தொறக்காது.

அப்புறம் ஒரு நாள் கதவு தொறந்துச்சு. உள்ள ஃபிரிட்ஜு முன்னாடி இழுத்து நிறுத்தியிருந்துச்சு.

"உள்ள வா. நல்லாப் பாத்துட்டுப் போ"ன்னாங்க மைமூன் அக்கா.

செண்பகவல்லி குனிஞ்சு பாத்தா. தட்டு காஞ்சு கெடந்துச்சு. எந்திரிக்க முடியல அவளால, கண்ணு ரெண்டும் நெறஞ்சுபோச்சு.

அவ கதை அவ்வளவுதான். காலைப் போத்திக்கோ, கண்ணை மூடு கண்ணு.