தலைவர் கையில் ஓடிய கடிகாரம்

கோவையில் நூற்பாலை வேலைக்குப் போய்வந்த ஆரோக்கியமேரிக்குப் பழைய கைக்கடிகாரம் என்றால் உயிர். ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் ஓடாத கடிகாரமாகப் பார்த்து வாங்குவாள். தானே பழுதுபார்த்து, நாளுக்கொன்றாகக் கட்டிக்கொள்வாள்.

ஊரில் பழங்கடிகாரச் சங்கம் ஒன்று இருந்தது. அதில் சேர வேண்டும் என்று போய்க் கேட்டாள். தலைவர் தாமோதரசாமி அவளை ஏற இறங்கப் பார்த்தார். வெல்வெட் பெட்டியிலிருந்த தங்கக் கடிகாரம் ஒன்றைக் காட்டினார்.

"மூணு வருஷமா நின்னுகிடக்குது. நீ இதைத் திறக்கக் கூடாது, தொடவும் கூடாது. ஓட வச்சுட்டா சேர்த்துக்கறேன்."

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். மேரி குனிந்து, முகப்பிலிருந்த பொடி எழுத்தைப் படித்தாள்.

"சரிங்க அய்யா. நீங்க அதைக் கட்டிக்கிட்டு, சங்கத்தோட பெருமையைக் கொஞ்சம் சொல்லுங்க. கேட்டுக்கறேன்."

அவருக்கு அது போதாதா? கையை வீசி வீசி முக்கால் மணி நேரம் பேசினார். மூச்சு வாங்க நிறுத்தியபோது செயலாளர் அவர் மணிக்கட்டைப் பார்த்தார். விநாடி முள் ஓடிக்கொண்டிருந்தது.

"கை அசைஞ்சா தானா சாவி ஏறிக்கற கடிகாரமுங்க இது," என்றாள் மேரி. "முகப்புலயே போட்டிருக்குது. பெட்டிக்குள்ளயே வச்சிருந்தா எப்படி ஓடுமுங்க?"

முகம் சிவந்தாலும் தலைவர் சொன்ன சொல் தவறவில்லை. மேரி உறுப்பினர் ஆனாள். அந்தக் கடிகாரத்தை அவர் அப்புறம் கழற்றவே இல்லை. கூட்டத்தில் அவர் பேச்சு நீளும்போதெல்லாம் யாராவது எழுந்து பணிவாகச் சொல்வார்கள்: "போதுமுங்க அய்யா, சாவி நெறைஞ்சிருச்சு."